மண் காத்த மானியம்

1935 ஏப்ரல் 14-ஆம் நாள் அமெரிக்கத் தென் சமவெளியில் பட்டப்பகல் இருண்டது. புல்வெளியை உழுது கோதுமை விதைத்திருந்தனர், மழை பொய்த்தது, காற்று மேல்மண்ணை வாரிச் சென்றது.

நிலத்திற்கு ஓய்வு தருமாறு உழவனிடம் கூறலாம்; கடனில் ஆழ்ந்தவன் விளைச்சலைக் குறைத்துப் பிழைப்பது எங்ஙனம்? இதற்கு விடையாக 1936-இல் ஒரு சட்டம் பிறந்தது. மண்ணை மெலிவிக்கும் பயிரைக் குறைத்து, அதனைக் காக்கும் புல்லும் பயறும் விதைத்தோர்க்கு அரசு பணம் வழங்கிற்று. 1985-ஆம் ஆண்டுத் திட்டமோ, அரிப்புக்கு ஆளாகும் நிலத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் புல்லுக்கோ மரத்துக்கோ விட்டவர்க்கு ஆண்டுதோறும் வாடகை அளித்தது.

எனினும், 2007-க்குப் பின் தானிய விலை ஏறியபோது, ஒப்பந்தம் முடிந்த நிலங்கள் பலவற்றில் கலப்பை மீண்டும் புகுந்தது. பணம் தருவது அவகாசமே. அதற்குள் மண்ணின் அருமையை மனத்தில் வேரூன்றச் செய்வது கல்வியின் கடன்.