மடக்கெழுத்தாணி

மடக்கெழுத்தாணி என்பது பனையோலையில் எழுத உதவும் எழுத்தாணியும், ஓலையைச் சீர்செய்யும் சிறு கத்தியும் ஒரே கைப்பிடிக்குள் மடங்கி அடங்குமாறு அமைந்த கருவி. மடக்குக் கத்தி என்றால் இன்று பழம் நறுக்குவதும், திரைப்படங்களில் வரும் பட்டன் கத்தியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் தமிழ்நாட்டில் படித்தவர்கள் மடியில் செருகிக்கொண்டு நடந்த மடக்குக் கத்தி எழுத்துவேலைக்கு உரியது. புலவர், கணக்கர், திண்ணைப் பள்ளி ஆசிரியர், மடத்தில் ஏடு படியெடுப்பவர் ஆகியோரின் கருவி அது. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் இலக்கியமும் சில நூற்றாண்டுகள் எழுத்தாணிகளால்தான் எழுதப்பட்டது.

மூவகை எழுத்தாணி

எழுத்தாணியின் வகைகளைப் பற்றித் தெளிவான குறிப்பைத் தந்தவர் உ. வே. சாமிநாதையர் (1855–1942). தம் இளமைக்காலத் திண்ணைப் பள்ளிகளை விவரிக்கும் இடத்தில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று மூன்றைக் குறிப்பிடுகிறார். குண்டெழுத்தாணியின் தலை கனமானது. எழுதப் பழகும் சிறுவர்களுக்கு உரியது. வாரெழுத்தாணி நீளமானது, கனத்த தலைக்குப் பதிலாக அதன் மேல்முனையில் சிறிய கத்தி இருக்கும். அதைப் பனையோலையால் செய்த உறையில் செருகி வைப்பார்கள். மடக்கெழுத்தாணியில் மரத்தாலான கைப்பிடியின் ஒரு புறம் எழுத்தாணியும் மறுபுறம் கத்தியும் மடங்கி உள்ளே அடங்கிவிடும்.

இந்த வரிசையிலேயே ஒரு வளர்ச்சி தெரிகிறது. முதலாவது எழுத மட்டும் பயன்படும். இரண்டாவது எழுதவும் நறுக்கவும் பயன்படும். ஆனால் உறை இல்லாமல் எடுத்துச்செல்ல முடியாது. மூன்றாவதற்குத் தனி உறை வேண்டியதில்லை, பிடியே உறையாகிவிடுகிறது. தைத்த சட்டையும் சட்டைப்பையும் பரவலாகாத காலத்தில் பொருள்களை வைக்கும் இடம் வேட்டியின் மடிதான். கூரிய இரும்பு முனையை வெறுமனே இடுப்பில் செருகிக்கொண்டு உட்காரவோ குனியவோ முடியாது. மடக்கும் அமைப்பின் அவசியம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

மடக்கும் கத்தி தமிழர் மட்டும் கண்டது அன்று. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் இரும்புக் கால மடக்குக் கத்தி கிடைத்துள்ளது. ரோமானியர்களும் அதைப் பயன்படுத்தினர். எழுத்தாணியையும் கத்தியையும் ஒரே பிடியில் சேர்த்தது ஓலையில் எழுதிய நாடுகளின் தேவை. மலையாளத்தில் நாராயம் என்றும், சிங்களத்தில் பன்ஹிந்த என்றும் வழங்கும் எழுத்தாணிகளுக்கும் தமிழ் எழுத்தாணிக்கும் உறவு நெருங்கியது.

கத்தியின் வேலை

ஓலையில் எழுதுவதற்குக் கத்தி ஏன் வேண்டும் என்ற கேள்வி காகிதத்தில் பழகியவர்களுக்கு எழலாம். பனையோலை தாளைப் போல ஆயத்தமாகக் கிடைப்பதில்லை. பக்குவமான ஓலையை வெட்டி, நடுவிலுள்ள ஈர்க்கை நீக்கி, வேகவைத்து உலர்த்தி, தேய்த்து வழவழப்பாக்கி, ஒரே அளவாக நறுக்க வேண்டும். ஓரங்கள் சற்று ஏறியிறங்கி இருந்தாலும் சுவடி கட்டும்போது அடுக்கு நேராக அமையாது. ஈர்க்கை வாருவது, ஓரத்தைச் சீவுவது, பழுதான ஏட்டுக்கு மாற்றாகப் புதிய ஏட்டை அளவாக வெட்டுவது எல்லாம் இந்தச் சிறு கத்தியின் பொறுப்பு. ‘வாரெழுத்தாணி’ என்ற பெயரிலேயே இந்த வேலை இருக்கிறது. நறுக்கிய ஓலைத் துண்டுக்கு ‘நறுக்கு’ என்றே பெயர். சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசுவதை ‘நறுக்குத் தெறித்தாற்போல’ என்று இன்றும் சொல்கிறோம்.

எழுதும் முறையும் காகிதத்தில் எழுதுவதிலிருந்து வேறுபட்டது. எழுதுபவர் இடக்கையில் ஏட்டைப் பிடித்து, இடக்கைக் கட்டைவிரலை எழுத்தாணிக்குத் தாங்கலாகக் கொள்வார். எழுத்தாணி அதிகம் நகராது. ஏடுதான் இடப்பக்கமாக நகரும். கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. இலைச்சாறும் கரியும் சேர்த்துத் தடவிய பிறகே எழுத்து துலங்கும். முனையை அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை துளைபடும் என்பதால் மெய்யெழுத்துகளின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அதனால் சுவடிகளில் ஒரே சொல்லைப் பலவாறு படிக்க இடம் ஏற்பட்டது. பதிப்பாசிரியர்களைப் பல ஆண்டுகள் திணறடித்த பாடவேறுபாடுகளில் சில, ஓலை கிழிந்துவிடுமோ என்ற இந்தச் சிறிய அச்சத்தில் பிறந்தவை.

ஏட்டோடு கத்தி இருப்பது யாருக்கும் ஐயத்தைத் தராத பழக்கம். பெரியபுராணத்தில் மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வரும் முத்தநாதன், சிவனடியார் வேடத்தில் ஏட்டுக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்துக் கொண்டுவருகிறான். அது மடக்கெழுத்தாணி என்று சேக்கிழார் சொல்லவில்லை. ஆனால் சுவடிக் கட்டைத் தாங்கி வருபவரை எவரும் சோதிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மீதுதான் அந்தக் கதை நிற்கிறது.

தென்காசி வட்டாரம்

பிற்காலப் பாண்டியர் தென்காசியைத் தலைமையிடமாகக் கொண்டனர். பராக்கிரம பாண்டியன் 1446-இல் காசி விசுவநாதர் கோயில் திருப்பணியைத் தொடங்கினார். 16-ஆம் நூற்றாண்டில் இம்மரபில் வந்த அதிவீரராம பாண்டியர் ‘நைடதம்’, ‘காசிகாண்டம்’, ‘வெற்றிவேற்கை’ ஆகிய நூல்களை இயற்றினார். ‘வெற்றிவேற்கை’ திண்ணைப் பள்ளிகளில் பாடமாக இருந்த நூல். ஆகவே அரசர் இயற்றியதைக் குண்டெழுத்தாணி பிடித்த சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் ஓலைகளில் எழுதி வந்தார்கள். குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘திருக்குற்றாலக் குறவஞ்சி’யைப் பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் அதற்குப் பரிசாக அளித்த நிலம் ‘குறவஞ்சி மேடு’ எனப்பட்டது.

மேலகரம் இன்னொரு வகையிலும் ஏட்டு வரலாற்றில் இடம்பெறுகிறது. திருவாவடுதுறை ஆதீனத் தலைவராக விளங்கி, மீனாட்சிசுந்தரம் பிள்ளையையும் சாமிநாதையரையும் ஆதரித்த சுப்பிரமணிய தேசிகர் இவ்வூரைச் சேர்ந்தவர். பிள்ளை செய்யுளை வாயால் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதினார்கள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க எழுத்தாணி கைக்கு இணங்கி ஓட வேண்டும். முனை சிறிது மழுங்கினாலும் அடுத்த அடியைத் தவறவிட நேரும்.

மரப்பிடியும் தந்தப்பிடியும்

மடக்கெழுத்தாணி எல்லா விலையிலும் இருந்தது. சாதாரண கணக்கரும் பள்ளி ஆசிரியரும் வைத்திருந்தது ஊர்க் கொல்லர் அடித்த இரும்பும் மரப்பிடியும் கொண்டது. அடுத்த நிலையில் பித்தளைப் பிடி. வசதி படைத்தவர்கள் யானைத் தந்தத்தாலும் வெள்ளியாலும் பிடி அமைத்து, பூவேலையும் செய்துகொண்டார்கள். இலங்கையில் எழுத்தாணி மன்னர் வழங்கும் மரியாதைப் பொருளாகவும் இருந்தது. கண்டிக் கால உலோகக் கலையைப் பற்றி எழுதிய ஆனந்த குமாரசுவாமி, 1908-இல் வெளிவந்த தம் நூலில் அலங்கார எழுத்தாணிகளுக்கும் கத்திகளுக்கும் இடமளித்துள்ளார்.

விலை ஏறியபோது பெரும்பாலும் மாறியது பிடியும் அலங்காரமும்தான், செய்யும் வேலை அன்று. ஓலையைக் கீறுவது சில அங்குல இரும்பு முனை. தந்தப்பிடி போட்டதனால் எழுத்து அழகாகிவிடாது. மடக்கு உறுதியாக நிற்பதும் கைப்பிடிக் குடையாணியின் இறுக்கத்தைப் பொறுத்தது. அது தளர்ந்தால் எழுதும்போது முனை ஆடும். மிக இறுகினால் நகத்தால் நெம்பித் திறக்க முடியாது. இதைச் சரியாக அமைப்பது கொல்லரின் கைத்திறம். விலையோடு மட்டும் அது தொடர்புடையதன்று.

இன்று ஐரோப்பிய அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் காணக் கிடைப்பவற்றில் தந்தமும் வெள்ளியும் பித்தளையும் கண்ணைக் கவர்கின்றன. மரப்பிடி உளுத்துப்போய், இரும்பு துருவேறி, மலிவான கருவிகள் பெரும்பாலும் அழிந்தன. ஆகவே இந்தக் கருவியைப் பற்றிய நம் சித்திரம் செல்வர் பக்கம் சாய்ந்துவிட்டது. தமிழ்ச் சுவடிகளில் மிகுதியானவற்றை எழுதிய மரப்பிடி எழுத்தாணியைத் தேடுவது தந்தப்பிடியைத் தேடுவதை விடக் கடினம்.

பேனாக்கத்தி

ஐரோப்பாவிலும் சட்டைப்பைக் கத்தியின் கதை எழுத்தோடு பிணைந்திருந்தது. பறவையிறகின் அடியைச் சீவிக் கூராக்கினால்தான் மையில் தோய்த்து எழுத முடியும். அதற்கென்று சிறு கத்தி வேண்டியிருந்தது. தமிழில் அது பேனாக்கத்தி ஆயிற்று. ‘பேனா’ என்ற சொல்லே இறகைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பின்பக்க வில்லால் அலகை நிறுத்தும் மடக்குக் கத்திகள் பெருமளவில் உருவாயின. 19-ஆம் நூற்றாண்டில் குற்றாலச் சாரலை நாடி வெள்ளைக்கார அதிகாரிகள் வந்து தங்கியபோது, அவர்களின் எழுதுபெட்டியில் இருந்தது பேனாக்கத்தி; அவர்களுக்குக் கணக்கு காட்டிய ஊர்க் கணக்கரிடம் இருந்தது எழுத்தாணி. உருவம் வேறு, ஆனால் இரண்டும் எழுத்துக்குத் துணையான கத்திகளே.

இரண்டின் வேலையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பறிபோனது. பர்மிங்காமில் எஃகு முள் பெருமளவில் செய்யப்பட்டதும் இறகைச் சீவும் தேவை மறைந்தது. தமிழ்நாட்டில் காகிதமும் அச்சும் ஓலையை விலக்கின. திருக்குறள் 1812-இல் அச்சேறியது. 1835-இல் அச்சுக்கூடம் வைக்க இந்தியர்களுக்கு இருந்த தடை நீங்கியது. ஆனால் பேனாக்கத்தி பென்சில் சீவவும் பழம் நறுக்கவும் கற்றுக்கொண்டு பிழைத்தது. சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1897-இல் பதிவுசெய்த பல கருவிக் கத்தியும், சவோய் பகுதியில் 1890-இல் தோன்றிய மரப்பிடி ஒப்பினெலும் இன்றும் விற்பனையாகின்றன. உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர் கத்தி ஆயுதமென்று பேரெடுத்து, சட்டக் கட்டுப்பாடுகளால் நலிந்தது. மடக்கெழுத்தாணிக்கு இப்படியொரு மறுவாழ்வு அமையவில்லை.

படியெடுப்பு நின்றபின்

ஓலைச்சுவடி சில நூற்றாண்டுகளே தாங்கும். ஆகவே பழுதாகும் முன் புதிய ஓலையில் படியெடுப்பது தொடர்ந்து நடக்க வேண்டிய வேலை. எழுத்தாணி ஓய்ந்தபோது நின்றது அந்தச் சுழற்சி. அச்சேறாத நூலுக்கு அதன்பின் பாதுகாப்பு இல்லை.

சாமிநாதையர் சுவடி தேடி நெல்லை வட்டாரத்தில் சுற்றியபோது, இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள கரிவலம்வந்தநல்லூருக்கும் சென்றார். அதிவீரராமரின் உறவினரான வரதுங்கராம பாண்டியரின் ஏடுகள் அங்குள்ள கோயிலில் இருந்ததாகக் கேள்விப்பட்டே போனார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அவருக்குப் பதில் கிடைத்தது. பழுதான ஏட்டை அப்படி முறையாக அழிப்பது, புதிய படி எழுதிவைத்த பிறகு செய்யவேண்டிய சடங்காக இருந்திருக்கலாம். எழுதுவது நின்ற பிறகும் எரிப்பது மட்டும் தொடர்ந்தது. அவர் தேடிச் சேர்த்த ஏடுகள் பின்னர் அவர் பெயரால் 1943-இல் சென்னையில் தொடங்கிய நூல்நிலையத்தில் பாதுகாக்கப்பட்டன.