சேலம், நாமக்கல் சமவெளிச் சிறுதொழில்களில் இணையவழி வங்கிச் சேவை

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதியில் லாரி, கோழிப்பண்ணை, விசைத்தறி, ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு முதலிய தொழில்களை நடத்தும் சிறு நிறுவனங்கள், கிளைக்கு நேரில் சென்று காசோலை, வரைவோலை, ரொக்கம் வழியாகச் செய்துவந்த கொடுக்கல் வாங்கலை இணையத்துக்கும் செல்பேசிக்கும் மாற்றிக்கொண்ட வரலாற்றையும் அதன் நடைமுறைகளையும் இக்கட்டுரை விவரிக்கிறது. பெரும்பாலோர் இதற்காக வங்கியை மாற்றவில்லை. பழைய நடப்புக் கணக்கை வைத்துக்கொண்டே கவுண்ட்டருக்குப் போவதைக் குறைத்தார்கள். பணம் அனுப்புதல், வசூல், வரி கட்டுதல் ஆகியவை பெரிதும் இணையத்துக்குச் சென்றுவிட்டன. தொழில் கடன் மட்டும் இன்னமும் கிளை மேலாளரின் மேசையில் முடிவாகிறது.

கிளையே இல்லாமல் இணையத்தில் மட்டும் இயங்கும் வங்கிகளுக்கு இந்திய ரிசர்வ் வங்கி தனி உரிமம் வழங்குவதில்லை. ‘நியோ வங்கி’ என்று விளம்பரம் செய்துகொள்ளும் நிறுவனங்கள் உரிமம் பெற்ற ஏதாவது ஒரு வங்கியின் கணக்கையே தம் செயலி வழியாகத் தருகின்றன. ஆகவே இந்தியாவில் ‘இணைய வங்கிக்கு மாறுதல்’ என்பது நடைமுறையில் ஒரு கிளை வங்கியின் இணையச் சேவையைப் பயன்படுத்தத் தொடங்குவதையோ, இணையச் சேவை மேலான வேறொரு கிளை வங்கிக்குக் கணக்கைக் கொண்டுசெல்வதையோ குறிக்கும்.

வங்கிப் பின்னணி

இவ்வட்டாரத்தின் வணிகம் உள்ளூர்த் தனியார் வங்கிகளை நம்பி வளர்ந்தது. 1925இல் தொடங்கப்பட்ட சேலம் வங்கி 1960களில் இந்தியன் வங்கியுடன் இணைந்தது. நாமக்கல்லை அடுத்து, காவிரிக்கு அக்கரையிலுள்ள கரூரில் 1916இல் கரூர் வைஸ்யா வங்கியும் 1926இல் லட்சுமி விலாஸ் வங்கியும் தோன்றின. இரண்டும் வணிகர்கள் வணிகர்களுக்காகத் தொடங்கியவை. கிராமப்புறத்தில் பல்லவன் கிராம வங்கி சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. அது 2019 ஏப்ரல் 1 அன்று பாண்டியன் கிராம வங்கியுடன் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனபோதும் தலைமையகம் சேலத்திலேயே நிலைத்தது.

இந்தக் கிளைகளில் வெளியூர்க் காசோலை வசூலாகப் பல நாட்கள் பிடித்தன. அவசரத்துக்கு வரைவோலை எடுத்தால் தரகு கொடுக்க வேண்டியிருந்தது. கேரளத்துக்கு முட்டையும் வடமாநிலங்களுக்கு ஜவ்வரிசியும் அனுப்பும் ஊர்களுக்கு இந்தத் தாமதம் நேரடியாக வட்டிச் செலவாக முடிந்தது.

மாற்றத்தின் கட்டங்கள்

வங்கிக்கு வங்கி மின்னணு வழியில் பணம் அனுப்ப, 2004 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ஆர்டிஜிஎஸ் முறையையும் 2005 நவம்பரில் நெஃப்ட் முறையையும் தொடங்கியது. ₹2 லட்சமும் அதற்கு மேலும் உள்ள தொகை ஆர்டிஜிஎஸ் வழியாகவும் அதற்குக் குறைந்தது நெஃப்ட் வழியாகவும் செல்வது வழக்கமானது. தொடக்கத்தில் இவற்றுக்கும் கிளையில் படிவம் எழுதிக் கொடுப்பவர்களே அதிகம். 2010 நவம்பரில் வந்த ஐஎம்பிஎஸ், வங்கி மூடிய நேரத்திலும் பணம் அனுப்ப வழிசெய்தது. நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதலும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பர் 14 முதலும் நாள் முழுவதும் இயங்குகின்றன.

யூபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று ₹500, ₹1,000 நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்ததும், கூலிக்கும் கொள்முதலுக்கும் ரொக்கத்தையே நம்பியிருந்த தொழில்கள் நெருக்கடிக்கு உள்ளாயின. செல்பேசிச் செயலிகள் பரவின. 2020 ஜனவரி முதல் யூபிஐ பரிவர்த்தனைக்கு வணிகர் கட்டணம் இல்லை என்றானபின் தேநீர்க் கடை வரை க்யூஆர் அட்டை வந்தது. நாடு முழுவதும் யூபிஐ பரிவர்த்தனைகள் 2025 ஆகஸ்டில் முதன்முறையாக ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டின.

சிறுதொழில்களை இணையத்துக்கு நகர்த்தியதில் வங்கிகளின் விளம்பரத்தைவிட வரிச் சட்டம் வலுவாக இருந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் ஒருவரிடம் ஒரே நாளில் ₹2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது தடைசெய்யப்பட்டது. ஒருவருக்கு ஒரே நாளில் ₹10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது. லாரி வாடகைக்கு இந்த வரம்பு ₹35,000. அனுமான வருமான முறையில் வரி கட்டும் சிறு வணிகருக்கு ரொக்க விற்பனையில் 8 விழுக்காடும் வங்கி வழியாக வந்த விற்பனையில் 6 விழுக்காடும் லாபமாகக் கொள்ளப்படுகிறது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, ₹10,000க்கு மேற்பட்ட வரியை வங்கிக் கவுண்ட்டரில் ரொக்கமாகக் கட்டும் வழியும் அடைபட்டது. வருங்கால வைப்பு நிதி, தொழிலாளர் ஈட்டுறுதிச் சந்தா ஆகியவையும் இணையம் வழியே செலுத்தப்படுகின்றன.

தொழில்வாரியான பயன்பாடு

லாரித் தொழில். நாமக்கல், சங்ககிரி லாரிகளும் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிகளும் வாரக்கணக்கில் வடமாநிலங்களில் ஓடுபவை. டீசல், சுங்கம், டிரைவர் படி, ஏற்றுக்கூலி, வழிச்செலவு ஆகியவற்றுக்கு டிரைவர் பெருந்தொகையைக் கையில் கொண்டுபோவதே பழைய வழக்கம். எண்ணெய் நிறுவனங்களின் டீசல் அட்டையும், 2021 பிப்ரவரியில் கட்டாயமான பாஸ்டேக்கும் அந்தத் தொகையின் பெரும்பகுதியைக் குறைத்தன. ஓமலூர், வைகுந்தம் சுங்கச்சாவடிகளில் கழியும் பணம் உரிமையாளரின் செல்பேசியில் உடனே குறுஞ்செய்தியாக வருவதால், வண்டி எங்கே இருக்கிறது என்பதையும் வங்கிக் கணக்கே காட்டிக்கொடுக்கிறது. வாடகை முன்பணமும் பாக்கியும் ஐஎம்பிஎஸ் அல்லது நெஃப்ட் வழியாக வருகின்றன.

கோழிப்பண்ணை. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவின் நாமக்கல் மண்டலம் பண்ணை விலையை அறிவிக்கிறது. வியாபாரிகள் அதில் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு, ‘மைனஸ்’ விலையில் வாங்குவதும் உண்டு. தீவன மூலப்பொருளுக்கான தொகை பெரியது. அது ஆர்டிஜிஎஸ் வழியாகப் போகிறது. விலை நாள்தோறும் மாறக்கூடிய பொருளில் வெளியூர்ப் பணம் அன்றே கணக்கில் ஏறுவது, அடுத்த லோடைக் கடனுக்கு ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கப் பண்ணையாளருக்கு உதவுகிறது.

ஜவ்வரிசி. சேலம் மாவட்டத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் தயாரிக்கும் ஆலைகளுக்காக 1981இல் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. உறுப்பினர் ஆலைகள் சரக்கைச் சங்கக் கிடங்கில் வைத்து, அதன்பேரில் முன்பணம் பெற்று, ஏலத்தில் விற்கின்றன. சங்கமே வாங்குபவரிடம் வசூலித்து ஆலையின் வங்கிக் கணக்கில் செலுத்துவதால், சிறு ஆலைகளும் வங்கிவழிப் பட்டுவாடாவுக்கு முன்பே பழகியிருந்தன.

விசைத்தறி. பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, இளம்பிள்ளை ஆகிய இடங்களில் தறி உரிமையாளர்களில் பலர் பாவும் நூலும் பெற்றுக் கூலிக்கு நெய்து தருபவர்கள். அவர்களுக்கு வரும் தொகை வங்கி வழியாக வந்தாலும், தறி ஓட்டுபவர்களுக்கு வாரக் கூலியை ரொக்கமாகக் கொடுக்கும் வழக்கம் தொடர்கிறது. வாங்கும் பணத்துக்கும் கொடுக்கும் பணத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டால் தறி உரிமையாளர் வாரந்தோறும் ரொக்கம் எடுக்க வேண்டியிருக்கிறது.

வெள்ளிக் கொலுசு. செவ்வாய்ப்பேட்டையை மையமாகக் கொண்ட கொலுசுத் தொழிலில் மொத்த வியாபாரி வெள்ளிக் கட்டியைக் கொடுத்து அதே எடைக்குக் கொலுசு பெறும் முறை உண்டு. வெள்ளிக்கு வெள்ளி நேராகிவிடுவதால் பணமாகக் கைமாறுவது செய்கூலியே. பட்டறைகளுக்குள் இணையவழி வங்கி மெதுவாக நுழைந்ததற்கு இது ஒரு காரணம்.

லட்சுமி விலாஸ் வங்கி நிகழ்வு

வங்கியையே மாற்ற நேர்ந்த பெரிய நிகழ்வு 2020இல் ஏற்பட்டது. வாராக்கடனால் நலிந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு நவம்பர் 17 அன்று ஒன்றிய அரசு தடைக்காலம் விதித்தது. கணக்கு ஒன்றுக்கு ₹25,000 மட்டுமே எடுக்கலாம் என்றானது. மருத்துவம், உயர்கல்வி, திருமணம் போன்ற தேவைகளுக்குக் கூடுதல் தொகை பெற வழி இருந்தது. தொழிலாளர் கூலியும் சரக்குக்கான பட்டுவாடாவும் அந்த விலக்கில் இடம்பெறவில்லை. நவம்பர் 27 அன்று வங்கி, சிங்கப்பூரைச் சேர்ந்த டிபிஎஸ் குழுமத்தின் இந்தியத் துணை நிறுவனமான டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. வைப்புத்தொகை முழுவதும் காக்கப்பட்டது. பங்குதாரர்களின் முதலீடு முழுவதும் அழிந்தது.

டிபிஎஸ் 2016இல் செல்பேசியை மட்டும் கொண்டு இயங்கும் ‘டிஜிபேங்க்’ சேவையுடன் இந்தியச் சில்லறை வங்கித் துறையில் இறங்கிய நிறுவனம். வணிகர்கள் நிறுவிய 94 ஆண்டு பழமையான வங்கியின் வாடிக்கையாளர்கள், தாங்கள் தேர்ந்தெடுக்காமலேயே அத்தகைய வங்கிக்கு வந்து சேர்ந்தார்கள். தடைக்காலத்தில் செயலி இருந்தும் பணம் நகரவில்லை என்பது இதில் கிடைத்த பாடம். வைப்புத்தொகைக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு ₹5 லட்சம் வரைதான். அதற்கு மேல் நடப்புக் கணக்கில் வைத்திருக்கும் நிறுவனம் இரண்டாவது வங்கியிலும் கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

கணக்கை மாற்றும் நடைமுறை

பிரிட்டனில் 2013 முதல் கணக்கு மாற்றுச் சேவை உள்ளது. அங்கே பழைய கணக்கின் வரவும் செலவும் 7 வேலை நாட்களில் புதிய வங்கிக்குத் தானாக மாறிவிடும். இந்தியாவில் அத்தகைய சேவையோ வங்கிக்கு வங்கி கணக்கு எண்ணைக் கொண்டுசெல்லும் வசதியோ இல்லை. ஒவ்வோர் இணைப்பையும் உரிமையாளரே மாற்ற வேண்டும்.

புதிய நடப்புக் கணக்குக்குத் தனி உரிமையாளர் தம் பான், ஆதார் ஆகியவற்றுடன் சரக்கு, சேவை வரிப் பதிவு, குறு, சிறு நிறுவனப் பதிவான உத்யம் சான்று போன்ற தொழில் சான்றுகளைத் தர வேண்டும். கூட்டாண்மை நிறுவனத்துக்கு ஒப்பந்தப் பத்திரமும் நிறுவனத்தின் பானும் தேவை. கூட்டாளிகள் இருவர் சேர்ந்து கையெழுத்திடும் கணக்காக இருந்தால் சாதாரணச் செல்பேசிச் செயலி பயன்படாது. ஒருவர் பதிவு செய்ய, மற்றவர் ஒப்புதல் தரும் நிறுவன இணைய வங்கி முறையைக் கேட்டுப் பெற வேண்டும். கணக்கு எழுதுபவருக்குப் பதிவு உரிமையை மட்டும் கொடுத்து, ஒப்புதலை உரிமையாளர் கையில் வைத்துக்கொள்வதற்கும் இதே முறை ஏற்றது.

அதன்பின் சரக்கு, சேவை வரித் தளம், வருமான வரித் தளம், உத்யம், வருங்கால வைப்பு நிதி, பாஸ்டேக், டீசல் அட்டை, க்யூஆர் அட்டை, விலைப்பட்டியலில் அச்சிடும் கணக்கு விவரம் ஆகியவற்றைத் திருத்த வேண்டும். வண்டிக் கடன் தவணைக்குக் கொடுத்த தானியங்கிப் பிடித்தத்துக்கான அனுமதியும், நிதி நிறுவனத்திடம் உள்ள முன்தேதியிட்ட காசோலைகளும் பழைய கணக்கைச் சார்ந்தவை. இவை மாறும்வரை பழைய கணக்கை மூடக் கூடாது. காசோலை திரும்பினால் அது குற்ற வழக்காகக்கூடும். இரு கணக்குகளையும் சில மாதங்கள் சேர்த்து நடத்துவது வழக்கம்.

கடன் இருக்கும்போது

ரொக்கக் கடன் அல்லது மிகைப்பற்று வைத்திருப்பவர் விருப்பம்போல் வேறு வங்கியில் நடப்புக் கணக்குத் தொடங்குவதை ரிசர்வ் வங்கி 2020 ஆகஸ்ட் 6 சுற்றறிக்கையால் கட்டுப்படுத்தியது. வங்கிகளிடம் உள்ள மொத்தக் கடன் ₹5 கோடிக்குக் குறைவானவர்களுக்கு 2021 அக்டோபரில் இது தளர்த்தப்பட்டது. ஆனாலும் கடன் கொடுத்த வங்கி, விற்பனைப் பணம் தன் கணக்கு வழியாகவே வர வேண்டும் என்று எதிர்பார்க்கும்; வரவு குறைந்தால் கடன் வரம்பைப் புதுப்பிக்கும்போது அது கேள்வியாக வரும். அடமானமாக வைத்த நிலப் பத்திரம், இருப்புச் சரக்கின் மாதாந்தர அறிக்கை, வண்டிப் பதிவுப் புத்தகத்தில் உள்ள கடன் குறிப்பு ஆகியவையும் நிறுவனத்தைப் பழைய கிளையோடு கட்டிவைக்கின்றன. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறுவட்டிக் கடனை முன்கூட்டியே அடைக்கும் குறு, சிறு நிறுவனங்களிடம் வணிக வங்கிகள் அபராதம் வசூலிக்கக் கூடாது என்ற விதி, கடனோடு வங்கி மாறுவதைச் சற்று எளிதாக்குகிறது.

இடர்களும் தீர்வும்

பணம் அனுப்பியதாகப் பொய்யான ஸ்கிரீன்ஷாட் காட்டுதல், கடையின் க்யூஆர் அட்டைமேல் வேறு அட்டையை ஒட்டுதல், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓடிபி கேட்டல் ஆகியவை சிறு வணிகரைக் குறிவைக்கும் மோசடிகள். பணம் வந்ததைக் குரலில் அறிவிக்கும் பெட்டி முதல் வகைக்குத் தடுப்பாக உள்ளது. 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதி இருப்பதால், கணக்கு எண் பிழையால் பணம் தவறிப்போவது குறைகிறது.

மோசடி நேர்ந்தால் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் பிழையோ வங்கியின் பிழையோ இல்லாமல் பணம் போயிருந்து, 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் குறு, சிறு நிறுவன நடப்புக் கணக்கில் இழப்பு ₹10,000 வரை மட்டும். ஓடிபியைத் தானே பகிர்ந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்படும் இழப்பு அவருடையதே.

வேறெங்கோ மோசடி செய்யப்பட்ட பணம் சரக்கு விலையாகக் கணக்குக்கு வந்துவிட்டால், காவல்துறை கோரிக்கையின்பேரில் வணிகரின் கணக்கு முடக்கப்படுவதும் உண்டு. விலைப்பட்டியல், இ-வே பில், எடைச் சீட்டு ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருப்பவரால் விற்பனை உண்மையானது என்று விரைவில் நிறுவ முடியும்.

இன்றைய நிலை

புதன்சந்தை மாட்டுச் சந்தை, தறிக் கூலி, கொலுசுப் பட்டறை, ஏற்றுக்கூலி ஆகியவற்றில் ரொக்கம் நீடிக்கிறது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யூபிஐ வரவுகளைக் கொண்டு சிறு கடைக்காரர்களுக்கு அறிவிப்பு அனுப்பியபோது, பெங்களூருவில் பலர் க்யூஆர் அட்டையைக் கழற்றினார்கள். வருமானம் வெளியே தெரிந்துவிடும் என்ற அதே தயக்கம் இங்கும் உண்டு. ஆனால் கணக்கில் பதிவான விற்பனையே கடன் கேட்கும்போது சான்றாகிறது. 2021 செப்டம்பரில் செயல்பாட்டுக்கு வந்த கணக்குத் தொகுப்பு முறை, வாடிக்கையாளரின் ஒப்புதலுடன் அவருடைய கணக்கு விவரங்களை வேறு வங்கிக்கு மின்னணு வழியில் தருகிறது. நிலப் பத்திரம் இல்லாத சிறு வணிகர் தம் வரவு செலவைக் காட்டி வேறு வங்கியிடம் கடன் கேட்பதற்கு இது ஒரு வழி. கடன் முடிவாகும் இடம் கிளையைவிட்டு எவ்வளவு நகரும் என்பது, வங்கிகள் அடமானத்தைக் காட்டிலும் இந்தப் பதிவுகளை எந்த அளவு நம்பத் தொடங்குகின்றன என்பதைப் பொறுத்தது.