வெள்ளைக் குதிரையும் ஒரு வாக்குறுதியும்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி ஒரு நாள் மத்தியானம், "தாத்தா, குதிரைப் படம் ஏதாவது போடுங்க" என்றாள். வயது பத்து. வெயிலில் வெளியே விட முடியாது. சரி, நமக்குத் தெரிந்ததைப் போடுவோம் என்று உட்கார்ந்தேன்.

குழந்தையும் குதிரையும் என்றாலே நம் வயதுக்காரர்களுக்குச் சில படங்கள் நினைவுக்கு வரும். 1943இல் வந்த 'மை ஃப்ரெண்ட் ஃப்ளிக்கா', 1944இல் வந்த 'நேஷனல் வெல்வெட்', 1949இல் வந்த 'தி ரெட் போனி'. மூன்றும் அமெரிக்கப் படங்கள், மூன்றும் முதலில் புத்தகமாக வந்தவை. ஆறே வருஷத்தில் இத்தனை குதிரைப் படங்கள் ஏன் வந்தன என்று யோசித்தால் ஒரு காரணம் தெரிகிறது. உழவுக்கும் வண்டிக்கும் குதிரையை நம்பியிருந்த நாடுகளில் டிராக்டரும் லாரியும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட காலம் அது. அப்பன் காலத்தில் உழைத்த பிராணி பிள்ளை காலத்தில் தோழனாக மாறிவிட்டது. நம் ஊரிலும் ஜட்கா வண்டி போன பிறகுதானே அதைப் பற்றி ஆசையாகப் பேச ஆரம்பித்தோம்!

'நேஷனல் வெல்வெட்' படத்தில் எலிசபெத் டெய்லர் சிறுமி. குலுக்கலில் கிடைத்த குதிரையில், ஆண் வேஷம் போட்டுக்கொண்டு இங்கிலாந்தின் பெரிய பந்தயத்தில் ஓடி முதலாவதாக வருவாள். ஆனால் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மயங்கிக் கீழே விழுந்துவிடுவதால் பரிசு கிடைக்காது. படம் முடிந்த பிறகு அந்தக் குதிரையை ஸ்டூடியோவே டெய்லருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டது. பெரியவர்கள் குழந்தைக்கு நியாயம் செய்த கதை இது. நான் பேத்திக்குப் போட்டது அப்படிப்பட்ட கதை அல்ல.

1960 வாக்கில், நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். 1954 நவம்பர் 1ஆம் தேதியே ஊர் நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் வகுப்பில் கணக்கு, பூகோளம், 'திக்தே' எல்லாம் பிரெஞ்சில்தான். ஒரு சனிக்கிழமை பெஞ்சுகளை ஓரமாக நகர்த்தி, சுவரில் வெள்ளைத் துணி கட்டி, ப்ரொஜெக்டர் வைத்தார்கள். படத்தின் பெயர் 'க்ரேன் ப்ளான்'. க்ரேன் என்றால் குதிரையின் பிடரி மயிர், ப்ளான் என்றால் வெள்ளை. கறுப்பு வெள்ளைப் படம், சுமார் 40 நிமிஷம்.

கதை நடக்கும் இடம் கமார்க். தென் பிரான்சில் ரோன் நதி இரண்டாகப் பிரிந்து கடலில் கலக்கும் சதுப்பு நிலம். உப்பு நீர், நாணல், பூநாரைகள், கறுப்பு மாடுகள், வெள்ளைக் குதிரைகள். குதிரை மேலிருந்தபடியே மந்தை மேய்ப்பவர்களை அங்கே 'கார்தியான்' என்பார்கள். அவர்களிடம் சிக்காத ஒரு முரட்டுக் குதிரைதான் க்ரேன் ப்ளான். பிடித்து அடைத்தால் வேலியை உடைத்துக்கொண்டு ஓடிவிடுகிறது. வெறுத்துப்போன முதலாளி, யார் பிடிக்கிறார்களோ அவர்களுக்கே அந்தக் குதிரை என்று சொல்லிவிடுகிறார். தாத்தாவோடும் குட்டித் தம்பியோடும் குடிசையில் வாழும் ஃபோல்கோ என்கிற மீனவப் பையன் அதைக் கேட்டுவிடுகிறான்.

அவன் கயிறு வீசிப் பிடிக்கிற காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. குதிரை தண்ணீரிலும் சேற்றிலும் அவனை இழுத்துக்கொண்டே ஓடுகிறது. அவன் கயிற்றை விடவில்லை. கடைசியில் குதிரையே நின்று திரும்பிப் பார்க்கிறது. பிறகு இருவருக்கும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் வாக்குக் கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? நாணல் காட்டுக்குத் தீ வைத்துக் குதிரையை வெளியே விரட்டப் பார்க்கிறார்கள். பையன் தீக்குள் புகுந்து அதன் முதுகில் ஏறித் தப்பிக்கிறான். மணல்மேடுகளில் துரத்துகிறார்கள். முன்னால் கடல், பின்னால் ஆட்கள். பையனும் குதிரையும் தண்ணீரில் இறங்கிவிடுகிறார்கள். கரையில் நிற்பவர்கள், "திரும்பி வா, குதிரை உனக்குத்தான்" என்கிற பொருளில் கத்துகிறார்கள். அவன் திரும்பிப் பார்ப்பதில்லை. கதை சொல்லும் குரல், அவர்கள் இருவரும் குதிரையும் குழந்தையும் என்றைக்கும் நட்பாக இருக்கிற ஒரு தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்று இனிமையாகச் சொல்லி முடிக்கிறது. திரையில் நாம் பார்ப்பதோ, அலையில் சிறுத்துக்கொண்டே போகும் இரண்டு தலைகளைத்தான்.

விளக்குப் போட்டதும் எங்கள் பெஞ்சில் சண்டை. என் பக்கத்தில் உட்காருகிற தோழன், "தீவுக்குப் போயிட்டாங்கடா, மிஸ்யே மாதிரியே ஒருத்தர் சொன்னாரே, கேக்கலையா?" என்றான். நான், "செத்துப்போயிட்டாங்கடா" என்றேன். எங்கள் வாத்தியாரிடம் போனோம். அவர் கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துவிட்டு, "குதிரைக்கு நீந்தத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

படத்தை எடுத்த அல்பேர் லமொரீஸ் 1922இல் பாரீஸில் பிறந்தவர். கமார்க்கில் குதிரையும் மாடும் வளர்த்துவந்த எழுத்தாளர் தெனி கொலோம் தெ தோனான் அவருக்குக் கூட்டாளி. ஒளிப்பதிவு எட்மோன் செஷான். ஃபோல்கோவாக வந்த பையன் அலேன் எமெரி. குடிசையில் வரும் குட்டித் தம்பி, லமொரீஸின் சொந்த மகன் பாஸ்கல். 1953இல் கான் விழாவில் குறும்படத்துக்கான பெரிய பரிசும், அதே வருஷம் ழான் விகோ பரிசும் கிடைத்தன. மூன்று வருஷம் கழித்து அதே பாஸ்கலை வைத்து 'சிவப்பு பலூன்' எடுத்தார். பேச்சே அதிகம் இல்லாத அந்தப் படத்துக்குத் திரைக்கதைக்கான ஆஸ்கர் கொடுத்தார்கள்! பேரப்பிள்ளைகள் ஆடும் 'ரிஸ்க்' என்கிற பலகை விளையாட்டையும் 1957இல் உருவாக்கியவர் இவரே. 1970இல் ஈரானில் படப்பிடிப்பின்போது ஹெலிகாப்டர் விழுந்து இறந்துபோனார்.

பிரெஞ்சு விமர்சகர் அந்த்ரே பஸேன் இந்தப் படத்தை உதாரணமாக வைத்து ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். பையனையும் குதிரையையும் தனித்தனியாக எடுத்து ஒட்டினால் அது தந்திரம். ஒரே சட்டத்துக்குள் இரண்டு பேரையும் காட்டினால்தான் நாம் நம்புவோம். இதுதான் அவர் வாதம். க்ரேன் ப்ளானாக நடித்தவை உண்மையில் பல குதிரைகள் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் சேற்றில் இழுபடுகிற பையன் நிஜம், கயிறு நிஜம்.

பெஞ்சுத் தோழன் கதைக்கு வருகிறேன். 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். அவன் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. கப்பலேறும் முன் அவன், "ரெண்டு வருஷத்துல லீவுக்கு வந்துடுவேன்டா" என்றான். அவன் அப்பாவும் தலையை ஆட்டினார். வரவில்லை. 1971இல் ஒரு கடிதம் வந்தது. கமார்க்குக்குப் போய் வந்தானாம். குதிரைகள் நாம் நினைத்ததைவிடக் குள்ளமாம். குட்டிகள் கறுப்பாகப் பிறந்து நாலைந்து வயதுக்குப் பிறகுதான் வெளுக்குமாம். கடலைப் பார்த்தானாம், தீவு ஒன்றும் தெரியவில்லையாம். கடைசி வரியில், "நீ சொன்னதுதான் சரி போல" என்று எழுதியிருந்தான். அந்த வாதத்தில் ஜெயித்ததில் எனக்குச் சந்தோஷமே இல்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். "ஆவன செய்யப்படும்" என்று எத்தனை கடிதம் தட்டச்சு செய்திருப்பேன்! கரையில் நின்று கத்திய முதலாளி பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அந்த நிமிஷம் மனதார சொல்லியிருப்பார். ஆனால் ஒரு முறை வாக்குத் தவறியவர் மறுபடி சொன்னால் குழந்தை ஏன் நம்ப வேண்டும்? மற்றக் குதிரைப் படங்களில் பெரியவர்கள் கடைசியில் திருந்திவிடுவார்கள். இதில் அவர்கள் திருந்துவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. எழுபது வருஷம் கழித்தும் இந்தச் சின்னப் படம் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1979இல் வந்த 'தி பிளாக் ஸ்டாலியன்' படத்தைப் பார்த்தபோது ஒரு ஆறுதல். அதில் கப்பல் மூழ்கிய பிறகு ஒரு கறுப்புக் குதிரை, கயிற்றைப் பிடித்துக்கொண்ட பையனை நிஜமாகவே ஒரு தீவுக்கு இழுத்துச் செல்கிறது. அங்கே நெடுநேரம் வசனமே இல்லாமல் இருவரும் சிநேகமாகிறார்கள். குதிரையைப் பழக்கும் கிழவராக வருபவர் மிக்கி ரூனி. 35 வருஷத்துக்கு முன் 'நேஷனல் வெல்வெட்'டில் டெய்லருக்குக் குதிரையைப் பழக்கிக் கொடுத்த அதே இளைஞர்!

பேத்தியிடம் இதெல்லாம் சொல்லவில்லை. படம் முடிந்ததும் என்ன கேட்கப் போகிறாளோ என்று காத்திருந்தேன். "அவங்க தீவுக்குப் போயிருப்பாங்களா தாத்தா?" என்று கேட்டால் சொல்ல, அந்த வாத்தியாரின் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

அவள் கேட்டது வேறு. "அந்தப் பையன்கிட்ட மீன் பிடிக்கிற படகு ஒண்ணு இருந்துச்சே தாத்தா. அங்க நின்னு கத்தினவங்க, அதை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போயிருக்கலாம்ல?"

அறுபது வருஷமாக எனக்கோ என் தோழனுக்கோ இது தோன்றவே இல்லை. அவனுக்கு இன்று ஒரு கடிதம் எழுத வேண்டும். பழைய விலாசம்தான் இருக்கிறது, அதற்கே எழுதிப் பார்க்கிறேன்.