சிமிட்டல் நின்ற பிறகும் நிற்கிற கட்டளை

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் முதல் வடிவத்தை 1995 மே மாதம் நெட்ஸ்கேப் கம்பெனிக்காக பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதி முடித்தார். அடுத்த ஆண்டு அது நெட்ஸ்கேப் 2 பிரவுசரோடு வெளிவந்தபோது, வெப் பக்கம் போடுகிறவர்களுக்குச் சில சௌகரியங்களும் கூடவே வந்தன. ஒரு சொல்லோடு ‘போல்ட்’ என்ற கட்டளையைச் சேர்த்தால், முன்னும் பின்னும் எச்.டி.எம்.எல். குறிகளை அதுவே ஒட்டித் தரும். நிறத்துக்கு ‘ஃபான்ட்கலர்’, இணைப்புக்கு ‘லிங்க்’, சிமிட்டலுக்கு ‘பிளிங்க்’ என்று மொத்தம் 13.

அப்போது ஆம்பூர் வேலூர் மாவட்டத்தில் இருந்தது. அங்கே ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பு. எங்கள் விலைப்பட்டியல் பக்கத்தில் ‘புதியது’ என்ற சொல் சிவப்பாக, திருவிழா சீரியல் பல்பு மாதிரி அணைந்து அணைந்து எரியும். முதலாளிக்கு அதில் ஏகப் பெருமை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்த்தவர்களுக்கு மட்டும் அது சிமிட்டவே இல்லை!

வேடிக்கை என்னவென்றால், 1997 ஜூனில் வந்த முதல் தரநிலையில் இந்த 13-ல் ஒன்றுகூட இல்லை. பிரவுசர்கள்தான் கைவிடாமல் வைத்திருந்தன. நிறம், எழுத்தளவு எல்லாம் சி.எஸ்.எஸ். கைக்குப் போய், இவற்றுக்கு வேலை குறைந்த பிறகு, 2015 தரநிலையின் பின்னிணைப்பில் இடம் கொடுத்தார்கள், புதிதாக எழுதுகிறவர்கள் தொடவேண்டாம் என்ற எச்சரிக்கையோடு. எடுத்தால் பழைய பக்கங்கள் நின்றுபோகும். மெட்ரிக் வந்து எத்தனையோ காலமாகியும் நம் பக்கம் தோலைச் சதுர அடியில்தானே பேசுகிறோம்?

பழசு என்பது மட்டுமே குறை இல்லை. கொடுத்த எழுத்தை இவை சோதிப்பதில்லை. நாமே அடித்த விலைப்பட்டியலுக்குப் பயமில்லை. வெளியாள் நிரப்பும் விசாரணைப் படிவம் அப்படியல்ல. பெயர்க் கட்டத்தில் ஒருவன் பெயருக்குப் பதில் நிரலை எழுதிவைத்தால், அதையும் ‘போல்ட்’ குறிக்குள் அப்படியே வைத்துத் தந்துவிடும். பக்கத்தில் சேர்ந்ததும், திறக்கிறவர் கம்ப்யூட்டரில் அது ஓடும். பணம் அனுப்பவேண்டிய வங்கிக் கணக்கு எண்ணையே திரையில் மாற்றிக் காட்டலாம். ஏற்றுமதிக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

சிமிட்டும் குறியை ஃபயர்ஃபாக்ஸ் 2013 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. ‘பிளிங்க்’ கட்டளை மட்டும் இன்றும் கேட்டதும் அந்தக் குறியை ஒட்டித் தருகிறது.