சிஸ்டரிடம் யார் கேட்டார்கள்?

1991-ல் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் புதுப் பிரசவ வார்டு திறந்தார்கள். ரிப்பன் வெட்டினார்கள், கேசரி கொடுத்தார்கள். மறுநாள் நைட் டூட்டிக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. நர்ஸ் உட்காரும் அறை ஒரு மூலையில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் முப்பது கட்டிலில் பதினொன்றுதான் கண்ணில் படும். கை கழுவும் குழாய் வராந்தாவின் அந்தக் கோடியில். பிள்ளை பெற்றவளுக்கு ரத்தப்போக்கு கூடினால் சத்தம் எதுவும் வராது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். எங்கள் ஹெட் நர்ஸ் அக்கா ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து வார்டின் நட்டநடுவில் போட்டார். "இனிமே இதுதான்டி டூட்டி ரூம்" என்றார். நான் மாற்றலாகிப் போகிறவரை அந்த ஸ்டூல் அங்கேயேதான் கிடந்தது.

பிளான் போட்ட இன்ஜினியர் கெட்டவர் இல்லை. டாக்டர்களைக் கேட்டிருக்கிறார். எங்களையும் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற பிறகு, எங்களை யாராவது எப்போதாவது கேட்டார்களா என்று பார்க்க, பழைய கமிட்டி அறிக்கைகளைத் தேடிப் படிக்கும் பைத்தியம் எனக்குப் பிடித்தது. எதை எடுத்தாலும் தலைவர் பெயரைத்தான் முதலில் பார்ப்பேன்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேலிலிருந்தே தொடங்கலாம். அவர் பிறந்த நாளான மே 12 வந்தால் நர்ஸ்கள் நாங்கள் அவர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவோம். அந்த அம்மாள் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனால் 1859-ல், இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் சுகாதாரத்தை விசாரிக்க லண்டனில் ஒரு ராயல் கமிஷன் போட்டபோது, பாளையங்களுக்குப் போன கேள்வித்தாளில் அவர் கை இருந்தது. வந்து குவிந்த பதில்களைப் படித்து, தண்ணீர் கெட்டது, வடிகால் இல்லை என்று அவர் எழுதிய குறிப்புகள் 1863 அறிக்கையோடு அச்சேறின. கமிஷன் உறுப்பினர் பட்டியலில் மட்டும் அவர் பெயர் கிடையாது. பெண்ணுக்கு அங்கே இடமில்லை. அவர் ஏந்திய கை விளக்கைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் அந்தக் கேள்வித்தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1871-ல் நர்ஸ் பயிற்சி ஆரம்பித்தது. 1908-ல் பயிற்சி பெற்ற நர்ஸ்களுக்கென்று அகில இந்திய சங்கம் உண்டானது. 1926-ல் மதராஸ் மாகாணம் நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சட்டம் கொண்டுவந்தது. பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டது, பேச்சு ஏறவில்லை.

1943-ல், நாட்டின் சுகாதார நிலைமையை ஆராய, போர் கமிட்டி வந்தது. போர் என்பது தலைவரின் பெயர்: சர் ஜோசப் போர், ஐ.சி.எஸ். அதிகாரி. 1946-ல் வெளிவந்த அந்த அறிக்கையின் கணக்கைப் படித்துவிட்டு அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. டாக்டர் 6,300 பேருக்கு ஒருவர். நர்ஸ் 43,000 பேருக்கு ஒருவர். நாடு முழுக்க மொத்தம் 7,000 நர்ஸ்கள். ஒரு தேர்த்திருவிழாக் கூட்டத்துக்கே ஒரு நர்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைய நர்ஸ்கள் வேண்டும், சம்பளமும் தங்குமிடமும் சீராக வேண்டும் என்று அவர்கள் எழுதியதெல்லாம் உண்மை. அதை மறுக்க மாட்டேன்.

1954-ல் நர்ஸ்களின் வேலை நிலைமையை ஆராயவே தனியாக ஒரு கமிட்டி போட்டார்கள். தலைவர் சென்னை மாநில சுகாதார மந்திரி ஏ.பி. ஷெட்டி. அடுத்து 1959-ல் நாட்டின் மருத்துவத் துறையையே அலசிய முதலியார் கமிட்டி. ஆற்காடு லட்சுமணசாமி முதலியார் பெரிய மகப்பேறு மருத்துவர். அவருடைய பாடப்புத்தகத்தை டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் இன்றும் புரட்டுகிறார்கள். 1987-ல் நர்சிங் தொழிலுக்கென்று உயர்மட்டக் கமிட்டி. அதைக் கடைசியில் நடத்திக்கொடுத்தவர் முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள் சரோஜினி வரதப்பன். சமூக சேவகி. 1989-ல் வந்த அந்த அறிக்கையைப் படிக்கும்போது யாரோ வார்டுக்குள் நின்று பார்த்து எழுதியதுபோல இருந்தது. வாரத்துக்கு 40 மணி நேரம் போதும் என்றது. அது வந்து இரண்டாவது வருஷம்தான் எங்கள் ஸ்டூல் கதை. அப்போது எங்களுக்கு நைட் என்றால் பன்னிரண்டு மணி நேரம். அப்படி ஓர் அறிக்கை இருப்பதே எங்கள் வார்டில் யாருக்கும் தெரியாது.

ஐ.சி.எஸ். அதிகாரி, மந்திரி, டாக்டர், சமூக சேவகி. நால்வரில் மூவர் நம்ம சென்னையில் பணிபுரிந்தவர்கள் என்று எனக்கும் பெருமைதான். நர்ஸ் ஒருவர்கூட இல்லை.

டெல்லியில் நர்சிங் ஆலோசகர் என்று ஒரு பதவி உண்டு. சுதந்திரத்துக்குப் பின் தெமினா அட்ரன்வாலா என்ற கெட்டிக்கார நர்ஸ் அதில் நெடுநாள் இருந்தார். ஆனால் ஆலோசகர் என்றால், கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டால்?

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டையில், சுகாதாரத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் பார்த்தேன். தேர்வு எழுதி வந்து, 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் வேலை செய்த நர்ஸ் பெண்கள், நிரந்தரம் செய்யுங்கள் என்று தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என் மகள் வயசு. பன் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்க எந்த வருஷ பேட்ச் சிஸ்டர்?" என்று ஒருத்தி கேட்டாள். சொன்னேன். "அப்பவும் இப்படித்தானா?" என்றாள். பதில் சொல்லாமல் பன்னைப் பிரித்துக் கொடுத்தேன். சில நாளில் கோர்ட் தலையிட்டது, வேலைக்குத் திரும்பினார்கள்.

2023-ல் நாடாளுமன்றம் தேசிய நர்சிங், மகப்பேறு பணி ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 1947-ன் பழைய கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக வந்தது அது. அதில் ஒரு விதியை இரண்டு தரம் படித்தேன்: ஆணையத் தலைவர் நர்சிங்கில் முதுநிலைப் பட்டம் பெற்றவராக, இருபது வருஷமாவது அந்தத் துறையில் வேலை செய்தவராக இருக்க வேண்டும். அறிக்கைகளில் நான் தேடிக்கொண்டிருந்த வரி அதுதான். ஆனால் படிப்புக்கும் பதிவுக்குமான ஆணையம் அது. வார்டு கட்டுவதும் ஆள் போடுவதும் சம்பளம் வைப்பதும் வேறு மேஜைகளில் நடக்கின்றன.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் புது வார்டுக்கு அடிக்கல் நட்டால் ஒரு உதவி செய்யுங்கள். கல்வெட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். பிளானை எந்த சிஸ்டரிடம் காட்டினீர்கள் என்று கேளுங்கள்.