துறைமுகமும் பின்னிலமும்



பல ஆண்டுகளுக்கு முன்பு, திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு நான் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். "நமது துறைமுகம் உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று" என்று வழக்கம்போலச் சொன்னேன். கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து, "ஐயா, அப்படியானால் பெரிய கப்பல்களெல்லாம் ஏன் கொழும்புக்குப் போகின்றன?" என்று வினவினான். நான் சற்றுத் திகைத்தேன். விடை எனக்குத் தெரியாததன்று. ஆனால், அது ஒரே பாடத்தில் இல்லை. பாதி வரலாற்றிலும் பாதி புவியியலிலும் கிடந்தது.

பாய்மரக் காலத்தை எண்ணிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவக்காற்று எழும்பினால், சோழமண்டலக் கரையில் நங்கூரமிட்ட கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. குன்றுகள் சூழ்ந்த, ஆழம் மிக்க திருகோணமலை உள்துறையோ எக்காலத்தும் அமைதியானது. ஆதலாற்றான் வல்லரசுகள் இதற்காகப் போரிட்டன. 1639இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து இதனைக் கைப்பற்றினர். 1782ஆம் ஆண்டிலோ இது இருமுறை கைமாறியது: தை மாதத்தில் ஆங்கிலேயர் பிடித்தனர், ஆவணியில் பிரெஞ்சுத் தளபதி சுப்ரேன் அவர்களிடமிருந்து பறித்தார். 1795இல் மீண்டும் ஆங்கிலேயர் வந்தனர்.

அவர்கள் வேண்டியது கடற்படைக்கு ஒரு புகலிடம். வணிகத் துறைக்கோ வேறொன்றும் வேண்டும். அதனையே புவியியலார் பின்னிலம் என்பர். துறைமுகத்திற்குச் சரக்கை அனுப்பி, அங்கு வந்த சரக்கை வாங்கும் நிலப்பரப்பே அது. கோப்பியும் பின்னர் தேயிலையும் மத்திய மலைநாட்டில் விளைந்தன. 1867இல் கண்டிக்கு இருப்புப்பாதை கொழும்பிலிருந்தே சென்றது. 1869இல் சுயெசுக் கால்வாய் திறந்தது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இயற்கை கொடாததைக் கல்லாலும் பொருளாலும் மனிதன் ஆக்கிக்கொண்டான். நமது துறைக்குப் பின்னாலோ அக்காலத்தில் காடும், மலேரியாவும், தூர்ந்த குளங்களுமே மிகுந்திருந்தன.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. அன்றும் இத்துறை போர்த்தளமாகவே இருந்தது. ஆங்கிலேயக் கடற்படை இதனை விட்டகன்றது 1957இற்றான்.

நேயர்களே, மகாவலி கொட்டியாரக் குடாவிற் கலக்கிறது. அதன் கழிமுகத்திற்கு அப்பால் கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று செல்கிறது. இவற்றை நம் பிள்ளைகள் தேசப்படத்தில் குறிக்கிறார்கள், புள்ளியும் பெறுகிறார்கள். ஆனால், "ஏன் இங்கே? ஏன் அங்கே இல்லை?" என்று கேட்கிறார்களா? வேறு பாடம் கிடையாதவர் எடுக்கும் பாடமாகவே புவியியலைப் பலர் கருதுகின்றனர். அது பெருந்தவறு. இத்துறைமுகத்தை நாளை எதற்குப் பயன்படுத்துவது, அதன் பயன் மூதூர் உழவனுக்கும் கரைவலை இழுப்போனுக்கும் எட்டுமா என்பதை எவரோ ஒருவர் தீர்மானிக்கத்தான் போகிறார். அப்போது அறிந்து பேச இவ்வூரில் ஆட்கள் வேண்டாவா?

அன்று அம்மாணவனிடம், "நாளை சொல்கிறேன்" என்றேன். மறுநாள் இரண்டு பாடவேளைகளும் அந்த ஒரு கேள்விக்கே போயின. பாடத்திட்டம் சற்றுப் பின்தங்கியது உண்மை. ஆயினும், என் வகுப்பில் புவியியல் தொடங்கியது அன்றுதான்.