ஒரே கரும்பு, ரெண்டு கிளாஸ்

செய்முறை பெரிசா ஒண்ணுமில்லை. ஃபில்டரில் இறங்கிய கெட்டி டிகாக்‌ஷனை ஆறவிடணும். அதில் 30 மில்லி, விஸ்கி 60 மில்லி, சர்க்கரைப் பாகு ஒரு ஸ்பூன், மேலே ஐஸ். பெரம்பலூரில் இதைக் கலக்கும்போதெல்லாம் எனக்குக் காந்தி நினைவு வரும். 1942இல் சிறையில் அவர் எழுதிய ‘ஆரோக்கியத் திறவுகோல்’ நூலில் டீ, காப்பி பற்றிய பகுதிக்கு அடுத்தது மது பற்றியது. இரண்டுமே உடம்புக்குத் தேவையில்லை என்றார்.

தமிழ்நாடு பாதியைத்தான் கேட்டது. 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. அன்று திருச்சி மாவட்டத்திலிருந்த பெரம்பலூருக்கும் அரியலூருக்கும்தான். காப்பிக்கோ கௌரவம் கூடியது. அதிலும் சாதி இருந்தது. ‘பிராமணாள்’ பெயர்ப்பலகையை அகற்றச் சொல்லி 1957இல் சென்னை முரளி கஃபே முன் பெரியார் கிளர்ச்சி நடத்தவேண்டியிருந்தது.

மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது. 1974க்குள் கடைகள் மறுபடி மூடின. 2003 முதல் அரசே சில்லறையில் விற்கிறது. குடியால் அழிந்த வீடுகள் எங்க ஊர்ப்பக்கமும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

ஆனா வயலுக்கு இந்தப் பேதம் தெரியாது. எறையூர் ஆலைக்குப் போகும் கரும்பு, சர்க்கரையாகி டபராவுக்கு வருகிறது. சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் மொலாசஸைப் புளிக்கவைத்து வடித்த ஸ்பிரிட்தான் மலிவான இந்திய விஸ்கிகளின் அடிப்படை. காப்பி குடிப்பவர் மரியாதைப்பட்டவர், கரும்பு வெட்டிவிட்டுக் குடிப்பவர் குடிகாரர் என்று பிரித்தது நாம்தான்.